பயணியின் சட்டைப்பையில் வந்த சிலந்தி

ஹரி பொட்டர் கதைகளில் வரும் உயிரினங்களுள் மிகப் பயங்கரமானது எது என்று கேட்டால் பலரும் பாதாள அறையில் ஒளிந்திருக்கும் அந்தப் பெரும் பாம்பைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தடைசெய்யப்பட்ட காட்டுக்குள் பிள்ளைகுட்டிகளோடு வாழும் கிழட்டுச் சிலந்தியைச் சொல்வேன். அதன் பெயர் அரகொக். அது சேர்ந்த இனத்துக்கு ஜே.கே. ரௌலிங் வைத்த பெயர் அக்ரோமன்டுலா. யானையளவு உடல், எட்டுக் கண்கள், மனிதரைப் போலப் பேசும் திறன், மனித இறைச்சியில் விருப்பம். ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்க இவை போதும்.

அண்மையில் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்த என் தங்கையின் மகள், "மாமா, இப்பிடியொரு சிலந்தி உண்மையா எங்கையும் இருக்கோ?" என்று கேட்டாள். "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது சரியான விடையும்கூட. ஆனால் கதையில் வரும் அந்தச் சிலந்தியின் வரலாற்றை உற்றுப் பார்த்தால், அதற்கும் எமது வன்னிக் காட்டுக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு தெரிகின்றது. அந்தத் தொடர்பைப் பற்றியதே இக்கட்டுரை.

புத்தகம் சொல்லும் அக்ரோமன்டுலா

அரகொக் முதன்முதலில் தோன்றுவது 1998இல் வெளியான இரண்டாவது ஹரி பொட்டர் நாவலில். அந்த இனத்தைப் பற்றிய விரிவான விபரங்களை ரௌலிங் 2001இல் எழுதிய சிறு நூலொன்றில் தந்திருக்கிறார். மாயாஜால உலகின் மாணவர்கள் படிக்கும் விலங்கியல் பாடநூல் போல எழுதப்பட்ட அந்த நூலில் அக்ரோமன்டுலாவுக்கும் ஒரு பதிவு உண்டு.

அதன்படி இச்சிலந்தியின் தாயகம் போர்னியோ தீவின் அடர்ந்த காடு. உடல் முழுவதும் தடித்த கறுப்பு உரோமம். கால்களை விரித்தால் 15 அடி வரை நீளும். கோபம் வந்தாலோ பரபரப்படைந்தாலோ கொடுக்குகளைத் தட்டி ‘கிளிக்’ என்று ஒலி எழுப்பும். நஞ்சு உண்டு. தரையில் கூரை போன்ற வலையைப் பின்னும். ஆணைவிடப் பெண் பெரியது. ஒரு தடவையில் நூறு முட்டைகள் வரை இடும். ஒவ்வொரு முட்டையும் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் காற்றுப்பந்தின் அளவு. ஆறு தொடக்கம் எட்டு வாரங்களில் குஞ்சு பொரிக்கும். புதையல்களையும் வீடுகளையும் காவல் காப்பதற்காக மந்திரவாதிகளே இந்த இனத்தை உருவாக்கியிருக்கலாம் என்ற ஒரு கருத்தும் அதில் இருக்கின்றது.

என் கவனத்தை நிறுத்திய இடம் வேறு. அக்ரோமன்டுலாவின் முட்டைகளை வாங்குவதும் விற்பதும் மந்திரவாதிகளின் சட்டத்தில் கடுமையான குற்றம். அப்படியானால் போர்னியோக் காட்டுச் சிலந்தி ஒன்று பிரித்தானியாவின் பாடசாலை ஒன்றுக்குப் பக்கத்தில் எப்படி வந்து சேர்ந்தது? நாவலில் அரகொக்கே அதற்குப் பதில் சொல்கிறது. தான் தூரதேசத்தைச் சேர்ந்தது என்றும், முட்டையாக இருந்தபோது ஒரு பயணி தன்னை ஹக்ரிட்டிடம் கொடுத்தான் என்றும் அது கூறுகின்றது. 2002இல் வெளியான திரைப்படத்தில் இது இன்னும் சுருக்கமாக, ஒரு பயணியின் சட்டைப்பையில் வந்ததாக மாற்றப்பட்டது. காற்றுப்பந்து அளவு முட்டை எப்படிச் சட்டைப்பைக்குள் அடங்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் செய்தி தெளிவானது. இது ஆசியக் காடொன்றிலிருந்து கடத்தப்பட்ட உயிர்.

ஏன் இப்படியொரு சிலந்தி இருக்க முடியாது

மருமகளின் கேள்விக்கு முதலில் விஞ்ஞானப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று உலகில் அறியப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் அதிகம். அவற்றுள் நிறையில் மிகப் பெரியது தென்னமெரிக்காவின் கோலியாத் டரன்டுலா. கால்களை விரித்தால் சுமார் 28 சென்ரிமீற்றர், நிறை சுமார் 170 கிராம். ஒரு சாப்பாட்டுக் கோப்பையை மூடும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இதை அக்ரோமன்டுலாவின் 15 அடிக்குப் பெருப்பிக்க வேண்டுமானால் நீளத்தை ஏறத்தாழ 16 மடங்காக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 16 மடங்காகும்போது அதன் நிறை 16 மடங்கு கூடுவதில்லை. 16ஐ மூன்று தடவை பெருக்கினால் வரும் 4,096 மடங்கு கூடும். அதாவது 170 கிராம் சிலந்தி ஏறத்தாழ 700 கிலோ ஆகிவிடும். கொழுத்த எருமைக் கடா ஒன்றின் நிறை அது. ஆனால் அந்த நிறையைத் தாங்கும் காலின் குறுக்குவெட்டுப் பரப்போ 256 மடங்கு மட்டுமே கூடும். ஆகவே காலின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் முன்னரைவிடப் 16 மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். எலும்பு இல்லாத, ஓட்டினால் ஆன கால்கள் அந்தப் பாரத்தில் நொறுங்கிப்போகும்.

இரண்டாவது தடை நடை. நாம் முழங்காலை மடிக்க ஒரு தசையும் நீட்ட இன்னொரு தசையும் வைத்திருக்கிறோம். சிலந்தியின் முக்கியமான கால் மூட்டுகளில் மடிக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் தசை இல்லை. உடலிலுள்ள திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகின்றது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே முறை. செத்த சிலந்தியின் கால்கள் எப்போதும் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதும் இதனால்தான். உயிர் போனதும் அழுத்தமும் போய்விடுகின்றது. 700 கிலோ உடலைத் தூக்கி ஓடவைக்கும் அழுத்தத்தை ஒரு சிலந்தியின் உடலால் உருவாக்க இயலாது.

மூன்றாவது மூச்சு. டரன்டுலாக்களுக்கு வயிற்றின் அடியில் இரண்டு சோடிப் புத்தக நுரையீரல்கள் உண்டு. புத்தகத் தாள்கள் போல அடுக்கியிருப்பதால் அந்தப் பெயர். எமது நெஞ்சைப் போல விரிந்து சுருங்கிக் காற்றை இழுக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. சிறிய உடலுக்கு அது போதும். எருமையளவு உடலுக்குப் போதாது.

கடைசியாகத் தோலுரிப்பு. வளர வேண்டுமானால் சிலந்தி பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புதிய ஓடு இறுகும் வரை உடல் மெத்தென்றிருக்கும். உள்ளங்கையளவு உயிருக்கே அது ஆபத்தான நேரம். 700 கிலோ உடல் ஓடு இறுகும் முன்னரே தன் பாரத்தில் தானே தட்டையாகிவிடும்.

ஆகவே அக்ரோமன்டுலா இல்லை, இருக்கவும் முடியாது. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ரௌலிங் சரியாகச் சொன்னவை

அளவையும் பேச்சையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதில் உண்மை நிறையவே இருக்கின்றது. பல சிலந்தி இனங்களில் பெண் ஆணைவிடப் பெரியது. டரன்டுலாப் பெண் பல ஆண்டுகள் கூடுதலாகவும் வாழும். ஒரு முட்டைப்பையில் நூறு முட்டைகள் என்பது பெரிய சிலந்திகளுக்குப் பொருந்தும் கணக்கு. ஒலி எழுப்புவதும் உண்மை. தெற்காசியாவின் டரன்டுலாக்கள் பலவற்றின் வாய்ப்பகுதியில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். மிரட்டப்படும்போது அவற்றை உரசிச் ‘சர்’ரென்று ஒலி எழுப்பும்.

கூட்டமாக வாழ்வதுதான் அபூர்வம். பெரும்பாலான சிலந்திகள் தனித்தே வாழ்பவை. இன்னொன்று பக்கத்தில் வந்தால் இரையாக்கப் பார்ப்பவை. ஆனாலும் விதிவிலக்கு எமது நாட்டிலேயே உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஸ்ரெகோடைபஸ் இனச் சிலந்திகள் முட்புதர்களில் நூற்றுக்கணக்கில் ஒரே வலைக்கூட்டில் வாழ்ந்து, இரையைச் சேர்ந்தே பிடித்து, சேர்ந்தே உண்கின்றன. அரகொக்கின் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உண்மை உதாரணம் இதுதான். ஒவ்வொன்றும் விரல் நகத்தளவுதான் இருக்கும்.

கதையிலிருந்து விஞ்ஞானத்துக்குத் திரும்பி வந்த பெயர்களும் உண்டு. ஈரானில் கண்டறியப்பட்ட ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கு 2017இல் அரகொக்கின் பெயரையே விஞ்ஞானிகள் சூட்டினார்கள். இலங்கையிலும் இது நடந்திருக்கின்றது. 2018இல் கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் ஆய்வாளர்கள், இலங்கைக் காடுகளின் உதிர்ந்த இலைகளுக்கிடையே வாழும் புதிய நுண் சிலந்தி இனங்களை விபரித்தபோது, அவற்றில் சிலவற்றுக்கு எனிட் பிளைட்டனின் சிறுவர் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர்களை வைத்தார்கள். பொம், ஸ்னூக்கி, டம்பி என்றெல்லாம் பெயர் கொண்ட அச்சிலந்திகளின் உடல் ஒரு சில மில்லிமீற்றர்தான். சில இனங்கள் மிகச் சிறிய காட்டுத் துண்டுகளில் மட்டுமே கிடைப்பவை. அந்தத் துண்டு அழிந்தால் கதைப் பெயர் மட்டும் மிஞ்சும்.

மாங்குளத்துக்கு வருவோம்

அக்ரோமன்டுலா என்ற பெயரின் பின்பாதி டரன்டுலாவிலிருந்து வந்தது. எமது நாட்டின் டரன்டுலாக்களுள் பெரியவை மரத்தில் வாழ்பவை. உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத பொசிலோதீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. சிங்களத்தில் இவற்றை ‘திவி மகுளுவா’ என்கிறார்கள். சிறுத்தைச் சிலந்தி என்று பொருள். உடலிலும் காலிலும் உள்ள அழகிய கோலங்களைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும்.

2009 ஒக்டோபர். போர் முடிந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. மாங்குளத்தில் ஊரவர்களால் கொல்லப்பட்ட பெரிய ஆண் சிலந்தி ஒன்று ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தது. அதுவரை பதிவான எந்த இனத்துடனும் அது பொருந்தவில்லை. உயிருடன் உள்ளவற்றைத் தேடும் பணி தொடங்கியது. போரின் தடயங்கள் மாறாத அந்தப் பகுதியில் ஆய்வாளர்களுடன் சென்று உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரால் அந்த இனம் பொசிலோதீரியா ராஜேயி எனப் பெயரிடப்பட்டது. தேடலில் பெண் சிலந்தியும் குஞ்சுகளும் கிடைத்தன. மரப்பொந்துகளில் மட்டுமல்ல, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அவை இருந்தன.

2013 ஏப்ரலில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. கால்களை விரித்தால் எட்டு அங்குலம், அதாவது 20 சென்ரிமீற்றர். ‘மனித முகத்தின் அளவுள்ள சிலந்தி’ என்று சர்வதேச ஊடகங்கள் தலைப்பிட்டன. கால்களின் மஞ்சள் அடையாளங்களும் வயிற்றின் இளஞ்சிவப்புப் பட்டையும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அளவு மட்டும் தெரிந்தது. மாங்குளம் என்ற பெயர் அவ்வளவு ஆண்டுகள் போர்ச் செய்திகளில் அடிபட்ட பின்னர், முதன்முறையாக ஒரு காட்டுயிரின் பெயரோடு உலகச் செய்தியில் வந்தது என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு விடயம் தலைப்புகளில் வரவில்லை. இச்சிலந்திகள் நாடுவது முதிர்ந்த பெருமரங்களின் ஆழமான பொந்துகளை. மரங்கள் குறைந்ததால்தான் அவை பழைய கட்டடங்களுக்குள் வருகின்றன. பாலையும் வீரையும் முதிரையும் பொந்து விழும் அளவுக்கு முதிர எத்தனை தலைமுறை ஆகும் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு மரத்தைத் தறிக்க அரைமணி நேரம் போதும். அது இருந்த இடத்தில் கன்று நட்டாலும் அந்தப் பொந்து எமது ஆயுளில் திரும்பி வராது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காட்டையும் காட்டுயிரையும் காரணம் காட்டி, மீள்குடியேறிய மக்களின் வயலையும் தோட்டத்தையும் எல்லைக்கல் போட்டு எடுத்துக்கொண்ட கசப்பு வடக்கில் நிறையவே உண்டு. அந்தக் கசப்புக்கு நியாயம் இருக்கின்றது. ஆனால் பெருமரங்களைக் களவாக வெட்டி ஏற்றுபவர்களும், மண்ணுக்காகக் காட்டோரத்தைத் தோண்டுபவர்களும், தன் காணிக்குத் திரும்பி வந்த விவசாயியும் ஒன்றல்ல. சிலந்தியின் பொந்தை அழிப்பது யார் என்று கேட்டால் விவசாயியை மட்டும் கைகாட்ட முடியாது.

மன்னாருக்கும் ஒரு கதை உண்டு. இராமேஸ்வரத்தில் ஒரு கோயிலின் அருகே கண்டறியப்பட்டு, 2004இல் அந்தக் கோயிலின் பெயராலேயே ஹனுமவிலாசுமிகா எனப் பெயரிடப்பட்ட பொசிலோதீரியா இனம், அழிவின் விளிம்பில் உள்ளதாகச் சர்வதேச செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தத் தீவைச் சுற்றி மட்டுமே அது வாழ்கின்றது என்று கருதப்பட்ட நிலையில், மன்னாரிலும் அது இருப்பதை 2015இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அறிவித்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இரண்டு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன என்பதை இந்தச் சிலந்தியின் பரம்பல் நினைவூட்டுகின்றது. இன்று இடையில் கடலும் கடற்படைகளும் இருக்கின்றன.

முட்டைச் சந்தை

இப்போது பயணியின் சட்டைப்பைக்குத் திரும்பலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டரன்டுலா வளர்ப்பது பெரியதொரு பொழுதுபோக்கு. அங்கே பொசிலோதீரியா இனங்களுக்குத் தனி மதிப்பு. அழகு, வேகம், அபூர்வம் ஆகிய மூன்றும் அதற்குக் காரணம். கடத்துவதும் இலகு. யானைத் தந்தத்தை மறைப்பது கடினம். குஞ்சுச் சிலந்தியை மூடி போட்ட சிறு பிளாஸ்ரிக் குப்பிக்குள் வைத்துப் பொதிக்குள் போட்டு அனுப்பிவிடலாம். சத்தம் போடாது. பல நாட்கள் உணவின்றியும் உயிரோடு இருக்கும். முட்டைப்பையோடு ஒரு பெண் சிலந்தியைப் பிடித்தால் ஒரே பிடியில் நூறு குஞ்சுகள்.

இந்தியாவின் மெற்றாலிகா இனத்துக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆந்திராவின் கூட்டி புகையிரத நிலையத்தில் மரக்குவியலில் கிடைத்த ஒரேயொரு சிலந்தியைக் கொண்டு 1899இல் அந்த இனம் விபரிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டாக யாரும் அதைக் காணவில்லை. 2001இல்தான் காட்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பளபளக்கும் நீல நிறம். இன்று வெளிநாடுகளில் வளர்ப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளில் அது சாதாரணமாகக் கிடைக்கின்றது. சொந்த மண்ணிலோ அதற்கு மிஞ்சியிருப்பது 100 சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த ஒரு காட்டுத் துண்டு.

வளர்ப்பில் பெருகுவது நல்லதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பெட்டிக்குள் பிறந்தவை காட்டுக்குத் திரும்புவதில்லை. காட்டில் வாழும் இனம் சிறிய இடத்தில் சில நூறுகளாக இருக்கும்போது, முதிர்ந்த பெண் சிலந்திகளில் சிலவற்றை எடுத்தாலே அடுத்த தலைமுறை குறைந்துவிடும். பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிரின் இழப்பை ஒரு மழைக்காலம் ஈடுசெய்யாது.

சட்டமும் சற்றுத் தாமதமாகவேனும் வந்தது. 2018இல் அமெரிக்கா, இலங்கையின் ஐந்து பொசிலோதீரியா இனங்களைத் தனது ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. மறுவருடம் சைற்றிஸ் எனப்படும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சமவாயத்தின் 18ஆவது மாநாடு கொழும்பில் நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களால் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. 2019 ஓகஸ்ட் மாதம் அங்கே, இலங்கையும் அமெரிக்காவும் முன்வைத்த யோசனையின்படி பொசிலோதீரியா பேரினம் முழுவதும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. வர்த்தகம் முற்றாகத் தடை என்று இதற்குப் பொருளில்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிப்பத்திரம் இன்றி, அந்த ஏற்றுமதியால் காட்டிலுள்ள இனத்துக்குப் பாதிப்பில்லை என்ற உறுதிப்பாடு இன்றி, எல்லை கடக்க முடியாது என்பதே பொருள். ரௌலிங் தனது மந்திரவாதிகளுக்கு 2001இலேயே எழுதிய முட்டைச் சட்டம், உண்மை உலகில் எமது சிலந்திகளுக்குக் கிடைக்க மேலும் 18 ஆண்டுகள் ஆகின.

செய்யாத குற்றம்

அரகொக்கின் கதையில் இன்னொன்றையும் மறக்க முடியாது. பாடசாலையில் ஒரு மாணவி இறந்தபோது பழி சுமத்தப்பட்டது அந்தச் சிலந்தி மீது. அதை வளர்த்த சிறுவன் ஹக்ரிட் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டான். உண்மையில் கொன்றது பாம்பு. சிலந்தி அப்போது ஓர் அலுமாரியை விட்டு வெளியே வந்ததேயில்லை. அதன் தோற்றமே போதிய சாட்சியாகிவிட்டது.

எங்கள் ஊர்களிலும் இதே வழக்குத்தான். தோலில் காரணம் தெரியாமல் ஏதாவது தடித்தால் "சிலந்தி கடிச்சிட்டுது" என்கிறோம். கொப்புளப் புண்ணுக்கே தமிழில் சிலந்தி என்றொரு பெயர் உண்டு. பொசிலோதீரியா கடித்தால் வலி கடுமையானதுதான்; சில நாட்களுக்குத் தசைப்பிடிப்பும் வரலாம். அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அது கடித்து மனிதர் எவரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அதன் உணவு கரப்பான், வண்டு போன்ற பூச்சிகளும், எப்போதாவது ஒரு சிறு பல்லியும். மனிதரைக் கண்டால் அதன் முதல் வேலை ஓடி ஒளிவது.

சிலந்தியை அரக்கனாக்கியவர் ரௌலிங் மட்டுமல்ல. ஜே.ஆர்.ஆர். ரொல்கீன் 1937இல் வெளியிட்ட ‘த ஹொபிற்’ நாவலிலும் இருண்ட காட்டில் பேசும் சிலந்திகள் வருகின்றன. தென்னாபிரிக்காவில் குழந்தையாக இருந்தபோது ரொல்கீனைப் பெரிய சிலந்தி ஒன்று கடித்தது. அதனால்தான் அப்படி எழுதினாரோ என்று கேட்டவர்களுக்கு, அந்தச் சம்பவம் தனக்கு நினைவிலேயே இல்லை என்றும், குளியல் தொட்டியில் அகப்படும் சிலந்திகளைத் தான் காப்பாற்றி விடுவதாகவும் அவர் சொன்னார். தன் மகன்களில் ஒருவருக்குச் சிலந்தி என்றால் பயம், அவரைப் பயமுறுத்தவே எழுதினேன் என்பதும் அவர் தந்த விளக்கம்.

எமது மரபிலும் கற்பனைச் சிலந்தி உண்டு. ஆனால் அது அரக்கன் இல்லை. திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலையால் பந்தலிட்ட சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது தலபுராணம். சீகாளத்தியின் பெயரிலும் பாம்போடும் யானையோடும் சிலந்தி இருக்கின்றது. ஒரே உயிரை ஒரு கதை கொலைகாரனாகவும் இன்னொரு கதை அடியாராகவும் பார்க்கின்றது. எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தோம் என்பதைப் பொறுத்துக் கை விளக்குமாற்றைத் தேடுகின்றது அல்லது தேடாமல் விடுகின்றது.

வீட்டுக்குள் வந்தால்

சுவரில் கையளவு சிலந்தியைக் கண்டால் என்ன செய்வது? இரவில் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் துணை தேடி அலையும் ஆண் சிலந்தி. மாங்குளத்தில் முதலில் அடிபட்டதும் ஆண்தான். அதற்கு மிஞ்சியிருப்பது சில மாத வாழ்வு. அந்தக் காலத்தில் அது ஒரு பெண்ணைச் சென்றடைந்தால்தான் அடுத்த தலைமுறை உண்டு.

கையால் தொட வேண்டாம், தடியால் சீண்டவும் வேண்டாம். அகலமான பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை மேலே மெதுவாகக் கவிழ்த்து, அடியில் தடித்த மட்டையைச் செருகி, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள பழைய மரத்தடியில் விட்டுவிடலாம். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. படம் எடுத்து முகநூலில் போடுவதானால் இடத்தின் பெயரைத் துல்லியமாக எழுதாதீர்கள். சந்தைக்குப் பிடிப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து பணம் தருகிறோம், பிடித்துத் தாருங்கள் என்று கேட்டால், அது பொழுதுபோக்கில்லை. அனுமதியின்றிக் காட்டுயிரை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வது குற்றம். அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வளவில் பொந்து விழுந்த பழைய மரம் நின்றால், வீட்டின் மேல் விழும் ஆபத்து இல்லாதவரை அது நிற்கட்டும்.

அக்ரோமன்டுலாவைப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பயத்தை நாம் பறிக்க வேண்டியதில்லை. கதைக்குப் பயம் வேண்டும். படித்து முடித்த பின்னர் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். கதையில் மனிதரைத் தின்னும் சிலந்தி கற்பனை. காட்டிலிருந்து சிலந்தியைக் கொண்டுபோகும் பயணி கற்பனை இல்லை.